அண்ணி வாங்கித் தந்த குடியிருப்புச் சான்று

பாகூர் தாலுக்கா ஆபீசில் எழுத்தர் கம்ப்யூட்டர் திரையை எனக்கும் அப்பாவுக்கும் திருப்பிக் காட்டிய அந்த நொடி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. தனியார் கல்லூரி ஒன்றில் நர்சிங் படிக்க எனக்கு அரசு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்திருந்தது. கட்டணத்தை அரசே கட்டிவிடும், நாங்கள் விண்ணப்பித்தால் போதும். ஆனால் அந்த விண்ணப்பத்தோடு, ஐந்து வருடமாகப் புதுச்சேரியில்தான் வசிக்கிறேன் என்ற குடியிருப்புச் சான்றையும் வைக்க வேண்டும். கடைசித் தேதிக்குப் பத்து நாள் இருந்தது. திரையில் என் பெயர் இருந்தது, என் ஆதார் எண் இருந்தது. இருந்த இடம்தான் சரியில்லை, கடலூர் மாவட்டத்து ரேஷன் கார்டு. "நீ தமிழ்நாட்டுப் பொண்ணாச்சேம்மா, இங்க எப்படி சர்டிபிகேட் குடுக்கறது?" என்றார் எழுத்தர்.

இப்படி ஒரு சிக்கலை, புதுச்சேரி ஓரத்தில் இருக்கும் எங்கள் குருவிநத்தத்துக்காரர்களால் மட்டும்தான் இழுத்துக்கொள்ள முடியும். ஆற்றைத் தாண்டினால் தமிழ்நாடு. பெண் எடுப்பதும் கொடுப்பதும் இரண்டு கரைக்கும் நடுவில்தான். நான் ஒன்பதாவது படித்தபோது எங்கள் பக்கத்து ரேஷன் கடைகள் மூடிக் கிடந்தன. அக்கரையில் பெரியம்மா வீட்டில் அரிசி தடையில்லாமல் கிடைத்தது. அப்பா யோசித்தார். என் பெயரை இங்கிருந்து எடுத்துப் பெரியம்மா கார்டில் சேர்த்துவிட்டார். தெருவில் இன்னும் நாலு வீட்டில் அதே யோசனை ஓடியதால் அது தப்பு என்றே யாருக்கும் தோன்றவில்லை. ஒரு நாள்கூட நான் அக்கரையில் குடியிருந்ததில்லை. ஆனால் அந்த அரிசியைச் சாப்பிட்டிருக்கிறேன், பொய் சொல்லக் கூடாது.

தாலுக்கா ஆபீசிலிருந்து திரும்பிய அன்று அப்பா சோற்றைத் தொடவில்லை. அண்ணன் புரோக்கர் ஒருவரைக் கேட்டுவிட்டு வந்தான். "அது வேற பொண்ணு, கம்ப்யூட்டர்ல தப்பா ஏறிட்டுதுன்னு எழுதிக் குடுத்துடலாம்" என்றான். அப்போது அண்ணிக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். சேதராப்பட்டு பக்கத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்பு அங்கே ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தவர். கூட வேலை செய்த பெண்ணின் தங்கை இப்படித்தான் அரசுப் பணத்தில் படித்தாள் என்று சொல்லி, இந்த உதவியைப் பற்றி எங்கள் வீட்டுக்குத் தெரிவித்ததே அவர்தான். "இன்னாத்துக்குப் பொய்யி? ஆதார் ஒண்ணுதான, மாட்டிக்கினா சீட்டும் போவும், மானமும் போவும்" என்றார் அண்ணனிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ இந்த வூட்லதான வளந்த? அதை நிரூபிச்சா போதும்" என்றார். அவ்வளவு சாதாரணமாக யாராவது சொல்லிவிட முடியுமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மறுநாளே பஸ் ஏறி அக்கரைக்குப் போனார். மூன்று நாள் அலைந்து, பெரியம்மா கார்டிலிருந்து என் பெயரை நீக்கிய சான்றோடு வந்தார். அடுத்து ஐந்து வருடத்துக்கும் வருடத்துக்கு ஒரு காகிதமாவது வேண்டும் என்று உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனியாகச் சான்று கேட்டு வாங்கினார். பத்தாவது படிக்கும்போது நாய் கடித்து நான் ஊசி போட்டுக்கொண்ட சுகாதார நிலையத்துச் சீட்டு பரணிலிருந்து கிடைத்தது. அம்மா எதையும் தூக்கிப் போடாதவள். "உன்னைக் கடிச்ச நாய்க்கு ஒரு கும்பிடு போடுடி, ஊசிக்கு அஞ்சு தேதி குடுத்துட்டுப் போயிருக்குது" என்று சிரித்தார் அண்ணி. நான் அழுதுகொண்டிருந்தேன். அந்த நாட்களில் எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான்.

ஒன்பதாவது நாள் துணை தாசில்தாரின் மேசை முன் நின்றோம். அண்ணி சுற்றி வளைக்கவில்லை. "அக்கரை கார்டுல பேரு இருந்துது சார். அரிசிக்காகச் சேத்தாங்க. தப்புதான், நீக்கிட்டோம். ஆனா பொண்ணு ஒரு நாளும் ஊரை விட்டுப் போவல, பாருங்க" என்று பைலை நீட்டினார். அது அவர் தாய்வீட்டிலிருந்து கொண்டு வந்த பழைய பிளாஸ்டிக் பைல். அதிகாரி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். நாய்க்கடிச் சீட்டில் லேசாகச் சிரித்தார். கடைசி உறையில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு தாளை உருவிப் பார்த்து, "இது யாரோடது?" என்றார். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல். "என்னுது சார், தெரியாம வந்துட்டுது" என்று அண்ணி கை நீட்டினார். அதிகாரி உடனே கொடுக்கவில்லை. "இவ்வளவு மார்க் வாங்கிட்டு ஏம்மா மேல படிக்கல?" என்று கேட்டார். "கம்பெனிக்குப் போயிட்டேன் சார்" என்று மட்டும் சொன்னார் அண்ணி.

அதிகாரி கையெழுத்துப் போட்டார். நான் அதைப் பார்க்கவே இல்லை, அந்தப் பட்டியலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உயிரியலில் முழு மதிப்பெண்ணுக்கு இரண்டுதான் குறைவு. எல்லாப் பாடத்திலும் என்னைவிட மேலே. நான் என் மார்க்கை அவர் முன்னாலேயே எத்தனை பேரிடம் பீற்றியிருப்பேன்! ஒவ்வொரு முறையும் "சூப்பர்டி" என்றவர் அவர். இப்படி ஒரு மனசு எங்கிருந்து வரும் என்று பிரமித்துப்போய் பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

விண்ணப்பம் கடைசி நாளில் ஏறியது. நான்கு வருடமும் அரசே கட்டியது. இப்போது ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. போன மாதம் அண்ணியைப் பிடித்து உட்கார வைத்து, தொலைநிலைக் கல்வியில் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கச் சொன்னேன். போனில் அவரே நிரப்பினார். நடுவில் ஒரு கட்டம் கேட்டது: படிப்பில் இடைவெளி ஏற்பட்டதற்கான காரணம். "இன்னா எழுதலாம் சிஸ்டர்?" என்று என்னைக் கேலியாகக் கேட்டார். எல்லாரும் எழுதுவதுபோல் குடும்பச் சூழ்நிலை என்று போடுங்கள் என்றேன். "எங்கப்பா மேல எதுக்குடி பழி? அவரு படிக்க வேணாம்னு சொல்லவே இல்லியே" என்றார். பிறகு ஒரு விரலால் மெதுவாகத் தட்டினார்: அரசு பணம் கட்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது.