ஒரு ‘க’வா, இரண்டு ‘க’வா

என் தங்கை பாடகி. தெருவில் போகிறவர்கள் நிறுத்தி செல்ஃபி கேட்கும் அளவுக்குப் பாடகி. அவளுடைய முதல் பாட்டு வந்தபோது ஓசூரில் ஷேர் ஆட்டோ, செல்போன் கடை, கல்யாண மண்டபம் எதையும் அது விட்டுவைக்கவில்லை. எங்கள் கம்பெனி பஸ்ஸிலும் அதே கூத்துதான். நான் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். செய்து வரும் பாகங்களை அளந்து பார்த்துத் தேறாததை ஒதுக்குவது வேலை. அந்தப் பாட்டு என் மேஜைக்கு வந்திருந்தால் ஒதுக்கியிருப்பேன். பளபளப்பெல்லாம் பிரமாதம், ஆனால் குரல் அவளுடையதே இல்லை. நடுவில் அவள் மூச்சு விடும் சத்தத்தைக்கூட மெஷினில் துடைத்து எடுத்திருந்தார்கள். அவளிடமே சொன்னேன்.

“பாட்டு ஓடுதுல்லக்கா, விடு” என்றாள்.

அதே மாதிரி இன்னும் சில பாட்டுகள் வந்தன. பிறகு ரொம்ப நாள் எதுவும் வரவில்லை. அவள் கதை முடிந்தது என்று பஸ்ஸில் என் காதுபடவே பேசினார்கள். போன வருஷம்தான் இந்த ஆல்பம் வந்தது. கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி தாண்டும்போது பஸ்ஸுக்குள் பாஷை மாறுவது ஒரு பாட்டில் இருந்தது. நைட் ஷிஃப்ட் முடிந்து ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து தூங்கும் பெண்கள் இன்னொன்றில். அதிரடி மேளம் கிடையாது. குரல் தணிந்திருந்தது, மூச்சு இருந்த இடத்தில் இருந்தது. கேட்டுக்கொண்டே வந்து இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டேன். பெருமையாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

கடைசிப் பாட்டுதான் வம்பாகிவிட்டது.

எங்கள் அம்மா எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்தவள், கன்னடக்காரி. அப்பா ராயக்கோட்டைத் தமிழர். வீட்டில் தமிழ்தான் பேசினோம். சோற்றுப் பானை முன்னால் உட்கார்ந்தால் மட்டும் அம்மாவுக்கு அவள் பாஷை வந்துவிடும். “பேக்கா?” என்று எங்களைக் கேட்பாள், வேணுமா என்று. “பேக்கு” என்றால் இன்னொரு கரண்டி விழும். பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயா “இன்னும் வேணுமாடி?” என்று கேட்டபோது பழக்க தோஷத்தில் “பேக்கு” என்று சொல்லிவிட்டேன். தன்னைத்தான் மக்கு என்று திட்டுகிறேன் என்று நினைத்து அந்த அம்மாள் என் முதுகில் ஒன்று வைத்தாள்.

அம்மா தனக்கென்று வைத்திருந்த வார்த்தை வேறு. “சாகு.” கன்னடத்தில் போதும் என்று அர்த்தம். கெலமங்கலம் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் பகலெல்லாம் பூ வெட்டிவிட்டு வருவாள். எங்களுக்குப் போட்டது போக மிச்சத்தோடு உட்காருவாள். யாராவது கரண்டியை எடுத்தால் தட்டின் மேல் கையை விரித்து “சாகு, சாகு” என்பாள். அந்தக் கையெல்லாம் முள் கீறலாக இருக்கும்.

தங்கையின் பாட்டு அந்தக் கையைப் பற்றியது. ‘அம்மா சொன்னாள் சாகு’ என்று திரும்பத் திரும்ப வரும்.

தொல்லை என்னவென்றால், இந்த வார்த்தையைத் தமிழில் எழுத வழியில்லை. ஒரு ‘க’ போட்டால் செத்துப்போ என்றாகிறது. இரண்டு ‘க’ போட்டால் கோணிப்பை. வீடியோவுக்கு அடியில் வரிகளை எழுதிய சென்னை மகராசன் ஒரு ‘க’ போட்டான். அப்பா வழிச் சொந்தக்காரர் ஒருவர் அந்த வரியை மட்டும் படம் பிடித்து, பெற்ற பிள்ளைகளை இப்படியா சபிப்பது என்று அம்மாவின் போனுக்கே அனுப்பிவிட்டார். அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“நான் எப்ப உங்களச் சாவச் சொன்னன்?” என்று என்னிடம் கேட்டாள்.

“ஐயோ, அது உன் சாகும்மா. போதும் போதும்னு கைய வெச்சி மறைப்பியே, அது.”

அத்தோடு சரியாகிவிடும் என்று நினைத்தேன். அவள் முகம் இன்னும் கறுத்துவிட்டது.

“அப்ப சோறு பத்தாததயா பாடி வெச்சிருக்கா? உங்கப்பன் செத்து இத்தன வருசம் கழிச்சி, பொண்டாட்டிக்குச் சோறு போடாதவன்னு ஊரு பேசணுமா?”

ஒரு ‘க’வைத் திருத்தித் தீர்க்கிற விஷயமாக அது இல்லை. அம்மா பாட்டைக் கேட்க மறுத்தாள். தங்கையின் போனை எடுப்பதையும் நிறுத்தினாள்.

இந்த நேரம் பார்த்து ஓசூரிலேயே தங்கையின் கச்சேரி வந்தது. வரமாட்டாள் என்று நினைத்த அம்மா வருகிறேன் என்றாள்.

“வரன். அந்தப் பாட்ட எடுத்தா எழுந்து போயிருவன். அப்புறம் அவ என் வாசப்படி மிதிக்கக் கூடாது.”

அம்மா வெறும் பேச்சுப் பேசுகிறவள் இல்லை. கூடப் பிறந்த தம்பியோடு பேச்சை நிறுத்தியவள், அவர் சாவுக்குத்தான் போனாள்.

சாயங்காலம் மேடைக்குப் பின்னால் போய்த் தங்கையிடம் அப்படியே சொன்னேன். அவள் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

“அந்த ஒண்ண மட்டும் விட்டுடு. பெங்களூர்ல பாடு, எங்க வேணா பாடு. இங்க வேண்டாம்.”

“இங்க பாட முடியலன்னா அத எதுக்குக்கா எழுதினேன்?”

“உனக்குப் பாட்டு முக்கியமா, அம்மா முக்கியமா?” கத்தியே விட்டேன். நிகழ்ச்சிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஒரே ஒரு தடவ காதால கேக்கட்டும்கா. அப்புறம் போறதுன்னா போகட்டும்.”

முன் வரிசையில் அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். பையை மடியில் வைத்து, வாரைத் தோளில் மாட்டியே இருந்தாள். பின்னால் ஷிஃப்ட் முடிந்து வந்த பையன்களும் பெண்களும் பழைய பாட்டைப் பாடச் சொல்லிக் கூச்சல் போட்டார்கள். தங்கை அதைப் பாடினாள், ஆனால் ஆடாமல், ஸ்டூலில் உட்கார்ந்து, நிதானமாக. விசிலும் வந்தது, முனகலும் வந்தது. “சாவுப் பாட்டெல்லாம் எடுக்காத!” என்று ஒருவன் கத்தினான்.

அப்புறம் பானையில் கரண்டி தட்டும் சத்தம் ஸ்பீக்கரில் வந்தது. அந்தப் பாட்டு அப்படித்தான் தொடங்கும். அம்மா எழுந்து நின்றாள்.

முந்தானையைப் பிடித்தேன். “உட்காரும்மா.”

“விடுடி.”

“ஏம்மா, மறைக்குது, உட்காருங்க” என்று பின்னாலிருந்து குரல்கள். அம்மா போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. மேடையிலிருந்து தங்கை அதைப் பார்த்துவிட்டாள். ‘சாகு’ என்ற இடத்தில் அவள் குரல் உடைந்தது. முன்பெல்லாம் அந்த உடைசலைத் துடைத்திருப்பார்கள். இப்போது அவளே அதை அப்படியே விட்டு மேலே பாடினாள். என் கைக்குள் அம்மாவின் முந்தானை இழுபட்டுக்கொண்டே இருந்தது. போகப் போகிறாள் என்றே நினைத்தேன்.

பாட்டின் கடைசி வரிகளில் எல்லோரும் சாப்பிட்டாயிற்று. மகள் கரண்டியை எடுத்துக்கொண்டு தாயின் முன்னால் வந்து கேட்கிறாள், “பேக்கா, அம்மா?” அவ்வளவுதான். பதில் கிடையாது. ஆல்பத்திலும் அதோடு முடிந்துவிடும்.

தங்கை கேட்டுவிட்டு நின்றாள். கூட்டத்தில் சத்தமே இல்லை.

“பேக்கு” என்றாள் அம்மா.

பின்னால் ஒருவன் சிரித்தான். “அந்தம்மா பேக்குன்னு திட்டுது பாருடா.” திரும்பி அவனை முறைத்தேன். எனக்குக் கண்ணில் நீர் மறைத்தது. மேடையில் தங்கை மைக்கைக் கீழே இறக்கிவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறந்ததிலிருந்து அந்த வார்த்தையை அம்மா தனக்காகச் சொல்லி நாங்கள் இருவரும் கேட்டதே இல்லை.