பத்து விரலும் ஒரு பெருவிரலும்

ஆஸ்திரேலியாவில் முதுகலை படிக்க இடம் கிடைத்தால் வீரபாண்டியில் அக்கினிச்சட்டி எடுக்கிறேன் என்று கௌமாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டது நான்தான். யாரும் சொல்லிச் செய்ததில்லை. இடம் கிடைத்தது, பாதி உதவித்தொகையோடு. ஜூலையில் வகுப்பு. அதற்குள் விசா வராவிட்டால் இரண்டும் போய்விடும்.

விசா விண்ணப்பத்தைக் கம்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்து நானே ஏற்றினேன். அப்பா போனபின் திராட்சைத் தோட்டத்தை ஒற்றை ஆளாக நடத்தி என்னைப் படிக்கவைத்தவள் அம்மா. அதனால் மகளின் செலவுக்கு நான் பொறுப்பு என்ற கடிதத்தையும் அவள்தான் கொடுக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவள். நோட்டரி முன்னால் பெருவிரலை மையில் தொட்டு வைத்துவிட்டு, வெளியே வந்ததும் முகம் சுருங்கிப் போனாள்.

"அங்கன உள்ளவுக என் கைநாட்டப் பாத்துச் சிரிப்பாக ஆத்தா. ஒனக்குத்தான் கேவலம்."

"சிரிச்சா சிரிக்கட்டும்" என்றேன். எனக்கு எப்போதும் வாய் அதிகம்.

அடுத்து, கைரேகை கொடுக்கச் சென்னையில் தேதி கிடைத்தது. சித்திரைத் திருவிழாவில் நான் சட்டி எடுக்கும் நாளிலிருந்து ஐந்தாம் நாள் அது. இவ்வளவு படித்த மண்டைக்கு அதில் உள்ள வில்லங்கம் உறைக்கவே இல்லை.

திருவிழாவன்று, "வேப்பிலைய இன்னுங் கொஞ்சம் அடியில வச்சுக்க" என்று அம்மா கெஞ்சினாள். சுற்றிலும் தெரிந்த முகங்கள்; எனக்கு வீம்பு. இருந்த இலை போதும் என்று சட்டியைத் தூக்கிவிட்டேன். கோயிலை நெருங்குவதற்குள் இலை சுருண்டு கருகிவிட்டது. ஆனாலும் சட்டியை நான் இறக்கவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். விரல்நுனி முழுக்கக் கொப்புளம்.

சென்னை மையத்தில் இருந்த பெண் என் கைகளைத் திருப்பிப் பார்த்தார். "புண் ஆறட்டும்மா. இப்ப எடுத்தா ரேகை விழாது" என்று அனுப்பிவிட்டார். அழுகையை அடக்கிக்கொண்டு வெளியே வந்து சொன்னதும், காத்திருந்த அம்மா வாசல் காவலாளியைப் பிடித்துக்கொண்டாள். "சாமிக்கு எடுத்த சட்டிங்க! திருடப் போயா சுட்டுக்கிட்டா? எடுத்து வச்சா என்ன கொறஞ்சு போவீக?" அந்த மனிதர் பாவம், அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்.

மறுதேதி மூன்று வாரம் கழித்து. அதுவரை அம்மா என்னை ஒரு வேலை தொடவிடவில்லை. சோறு ஊட்டினாள், காலையில் திராட்சைப் பந்தலுக்குக் கிளம்புமுன் பழக்குலையைப் பார்ப்பதுபோல என் விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். இரண்டாம் முறை பத்து விரலும் பதிந்தன. வெளியே வந்து சொன்னேன். அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"இம்புட்டுப் படிச்சும் கடைசியில கைநாட்டுத்தானா?"

ஜூன் கடைசியில் விசா மின்னஞ்சலில் வந்தது. போனைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினேன். அம்மா கேட்ட முதல் கேள்வி, "என் கைநாட்டப் பத்தி எதுஞ் சொன்னாகளா?"

இத்தனை நாளும் அதை மனதில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"என் பத்து விரலத்தாம்மா திருப்பி அனுப்புனாக. ஒன் ஒத்த விரல யாரும் ஒரு வார்த்த சொல்லல."

அம்மா பெருவிரலைச் சேலையில் துடைத்துவிட்டு ஒருதரம் பார்த்துக்கொண்டாள்.