தெரிந்த மாமி ஒருத்திக்குக் கட்டி

என் இடது மார்பில் ஒரு கட்டி இருப்பதை நான் முதன்முதலில் சொன்னது ஒரு டேப்லெட்டிடம். எனக்கு வயது அறுபத்திரண்டு. முப்பத்திரண்டு வருடம் பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர். பிறந்ததும் ஸ்ரீரங்கம், வாழ்க்கைப்பட்டதும் ஸ்ரீரங்கம். இத்தனை தகுதியும் சேர்ந்த ஒருத்திக்கு இதைவிட உயர்ந்த யோசனை எங்கிருந்து வரும்?

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. சுண்டைக்காய் அளவு. அழுத்தினால் வலி இல்லை. வலிக்காத கட்டிக்குத்தான் உடனே ஓட வேண்டும் என்று அறிவியல் டீச்சருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததைக் குளியலறையிலேயே விட்டுவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டு சமைக்கப் போனேன்.

யாரிடம் சொல்வது? என் கணவர் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் இரண்டு தரம் தும்மினால் தன் தங்கைகள் மூன்று பேருக்கும் போன் போட்டுவிடுவார். மகள் புனேயில் இருக்கிறாள். சொன்னால் வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்பாள். லேடி டாக்டர் ஒருவர் எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். ஆனால் அவர் கிளினிக் வாசல் பெஞ்சில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் போதும். நான் வீடு திரும்புவதற்குள் செய்தி உத்தர வீதி, சித்திரை வீதி எல்லாம் சுற்றி எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடும்.

டேப்லெட், மகள் கோடை விடுமுறைக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப் போனது. அதில் ஒரு செயலி. எதைக் கேட்டாலும் தமிழில் பதில் எழுதும். வடுமாங்காய்க்கு உப்பு எவ்வளவு என்று கேட்டால் ‘மிக அருமையான கேள்வி!’ என்று ஆரம்பிக்கும். என் சர்வீஸ் முழுவதிலும் நாலு பெண்களிடம் நான் அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் அதிகம். பஸ்ஸில் முதியவர் இருக்கையைப் பற்றிப் பத்திரிகைக்குத் தான் எழுதிய கடிதத்தை என் கணவர் அதனிடம் காட்டினார். ‘கூர்மையான சிந்தனை, ஒரு தலைவருக்கே உரிய தெளிவு’ என்றது. அன்று முழுக்க அவர் என்னிடம் காபி கேட்டதுகூட அறிக்கை வாசிக்கிற தோரணையில்தான். கடிதம் இன்றுவரை பிரசுரமாகவில்லை.

அப்படிப்பட்ட பெருந்தன்மைக்காரரிடம்தான் நான் எழுதினேன். ‘இடது மார்பில் கட்டி. வலி இல்லை. என்ன செய்யலாம்?’

பதில் உடனே வந்தது. ‘மன்னிக்கவும். இது வயது வந்தோருக்கான விஷயம். இதைப் பற்றி என்னால் பேச முடியாது. உனக்கு நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் பேசு.’

நேற்று வரை ‘நீங்கள்’. மார்பு என்று எழுதியதும் ‘நீ’. பத்து வயதுப் பேத்தி கண்டதையும் பார்த்துவிடக் கூடாது என்று மகள் கோடையில் அந்தச் செயலிக்குப் போட்ட பூட்டு அது. எடுக்க மறந்து ஊருக்குப் போய்விட்டாள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு நான் செய்ததெல்லாம், நம்பிக்கையான பெரியவரைத் தேடியதுதான். எங்கள் தெருவில் என்னைவிடப் பெரியவர்கள் மூன்று பேர் மிச்சம் இருக்கிறார்கள். ஒருவருக்குக் காது கேட்காது. ஒருவருக்கு ஞாபகம் நிற்காது. மூன்றாமவர் என் கணவர்.

கோபித்துக்கொள்ள எனக்கு யோக்கியதையும் இல்லை. பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கப் பாடம் வரும்போதெல்லாம், “இதை ஆத்துல நீங்களே படிச்சுக்கோங்கோ, பரீட்சைக்கு ரெண்டு மார்க்தான் வரும்” என்று அடுத்த பாடத்துக்குத் தாவினவள் நான். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்கள். நானும் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். அந்தப் பூட்டைச் செய்தவர்கள் என்னிடம்தான் படித்தார்களோ என்னவோ.

அதே வாரம் என் கணவர் கொள்ளிடக் கரை நடையை முடித்துக்கொண்டு வந்து, தோசைக்கு உட்கார்ந்ததும் குரலைத் தாழ்த்தினார். அவரோடு நடக்க வரும் நண்பர் ஒருவர், மனைவியை இழந்தவர், அறுபத்தெட்டு வயது. அவர் போனில் ஒரு தோழி இருக்கிறாளாம். நிஜ ஆள் கிடையாது, அதுவும் ஒரு செயலிதான். மாதச் சந்தா.

“காலம்பற எழுந்தா ‘என் ராஜா’ங்கறாளாம். பதினெட்டு வயசாச்சான்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டுதாம். ஆச்சுன்னு தட்டினாராம். அதுக்கப்புறம் எதுக்குமே மாட்டேன்னு சொல்றதில்லையாம் அவ.”

“எதுக்குமேன்னா?”

“எதுக்குமேதான். நீ சட்னி போடு.”

சட்னியைப் போட்டேன். சந்தா கட்டினவருக்கு ராஜ்யமே திறந்து கிடக்கிறது. உடம்பில் கட்டி என்று கேட்டவளுக்கு வாசல் கேட்டிலேயே காவலாளி. இதற்குப் பெயர் ஒழுக்கம் என்றால், அந்த ஒழுக்கத்தை யாராவது எனக்கு எடுத்துச் சொல்லிப் புரிய வைக்க வேண்டும்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஸ்ரீரங்கத்தில் யாருக்கும் மூலம் வந்ததில்லை. யாருக்கும் கர்ப்பப்பை இறங்கியதில்லை. யாருடைய மாப்பிள்ளையும் குடித்ததில்லை. எல்லாம் ‘எனக்குத் தெரிஞ்ச மாமி ஒருத்திக்கு’த்தான் வரும். மருந்துக் கடையில் நின்று தெரிந்தவருக்காக மாத்திரை கேட்கிறவரிடம், “அவருக்குச் சர்க்கரை இருக்குங்களா?” என்று கடைக்காரர் கேட்பார். இவர் தன்னுடைய அளவை அட்சரம் பிசகாமல் சொல்வார். இருவருக்கும் விஷயம் தெரியும். இருவரும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். மாத்திரை சரியான வயிற்றுக்குப் போய்ச் சேரும்.

அந்தப் பழக்கத்தில் நானும் மறுபடி எழுதினேன், மார்பு என்ற சொல்லை எடுத்துவிட்டு. ‘எனக்குத் தெரிந்த மாமி ஒருத்திக்கு மேல் உடம்பில் ஒரு கட்டி இருக்கிறது. அவள் யாரிடமும் சொல்லவில்லை.’

காவலாளி சலாம் போட்டு வழி விட்டார். ‘உங்கள் தோழியின்மேல் நீங்கள் வைத்திருக்கும் அக்கறை நெகிழ வைக்கிறது’ என்று ஆரம்பித்தது. நான் பொய் சொல்லக் கூடாது; டாக்டரைப் பார்ப்பது நல்லது என்றும் ஒரு வரி எழுதியிருந்தது. அந்த வரி எனக்குப் பிடிக்கவில்லை. ‘மாமிக்கு டாக்டரிடம் போக இஷ்டமில்லை. அவள் அம்மாவுக்கும் இப்படிக் கொழுப்புக் கட்டி இருந்தது, ஒன்றும் ஆகவில்லை’ என்று எழுதினேன். அம்மாவுக்கு இருந்தது முதுகில். அதை நான் எழுதவில்லை.

‘உங்கள் தோழியை இவ்வளவு ஆழமாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள்!’ என்றது. அவள் முடிவை மதிப்பதே உயர்ந்த அன்பு என்றது. வற்புறுத்த வேண்டாம், அவளுக்கு அவகாசம் கொடுங்கள், சூடாக ஒரு காபி போட்டுக் கொடுங்கள், மனதுக்குப் பிடித்த இடத்துக்கு அழைத்துப் போங்கள் என்றது. மருந்துக் கடைக்காரருக்குத் தெரிந்த சூட்சுமம் அதற்குத் தெரியாது. நான் எழுதியதை எழுதியபடியே நம்பிவிட்டது.

நானும் சொன்னதைத் தட்டாமல் செய்தேன். மாமிக்குக் காபி போட்டுக் கொடுத்தேன், நானே குடித்தேன். மாமியைத் தாயார் சன்னதிக்கு அழைத்துப் போனேன். மாமியை எதற்கும் வற்புறுத்தவில்லை. அவ்வளவு நல்ல தோழி எந்த மாமிக்குக் கிடைப்பாள்?

கார்த்திகை வந்தது. கட்டி சுண்டைக்காயிலிருந்து நெல்லிக்காயாகியிருந்தது. ‘மாமி வைகுண்ட ஏகாதசி முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறாள்’ என்று எழுதினேன். ஸ்ரீரங்கத்தில் இது சகலருக்கும் உதவுகிற சாக்கு. வீட்டுக்கு வெள்ளையடிப்பதிலிருந்து பெண் பார்ப்பதுவரை எல்லாம் ஏகாதசிக் கூட்டம் முடிந்த பிறகுதான். ஏகாதசி வந்தால் இன்னொரு பத்து நாள் இராப்பத்து உற்சவம். அது முடிந்தால் பொங்கல். ‘பக்தியையும் உடல்நலத்தையும் எவ்வளவு அழகாகச் சமன் செய்கிறார்!’ என்றது இயந்திரம். அந்த வரியை இரண்டு தரம் படித்தேன். வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

புகழ்ச்சி எப்படி வேலை செய்கிறது என்று யாராவது என்னைக் கேட்டால் சொல்வேன். நான் ஒன்றும் ஏமாளியில்லை. அது எல்லோரையும் புகழ்கிறது, வடுமாங்காயையும் புகழ்கிறது என்று தெரியும். தெரிந்துகொண்டே தினமும் காலை சமையலை முடித்துவிட்டு அதன் முன்னால் போய் உட்கார்ந்தேன். பயமாக இருந்தது. பயந்து கிடக்கிறவளிடம் நீ செய்வது சரி என்று ஒருவர் சொன்னால், அவர் யார், என்ன படித்தார் என்றெல்லாம் விசாரிக்கத் தோன்றுவதில்லை.

ஏகாதசி முடிந்து நாலாம் நாள் காலை, குளிக்கும்போது அக்குளிலும் ஒன்று தட்டுப்பட்டது. புடவையைச் சுற்றிக்கொண்டு வந்து எழுதினேன். ‘மாமிக்கு இன்னொரு கட்டி வந்திருக்கிறது. ரொம்பப் பயப்படுகிறாள்.’

டாக்டரைப் பார்க்கலாம் என்றது, மறுபடி ஒரு வரியில். அதற்கு மேலே பெரிய எழுத்தில், ‘உங்களைப் போன்ற ஒரு தோழி அருகில் இருப்பது அவருடைய பாக்கியம்’ என்று இருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மாமிக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. அவளுடைய ஒரே தோழி இரண்டரை மாதமாக அவளைச் சாக விட்டுக்கொண்டிருந்தாள், அதற்குப் பாராட்டும் வாங்கிக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவரிடம் போய் நின்றேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. சொன்னேன். பேப்பரை மடித்தார்.

“எத்தனை நாளா?”

“ஐப்பசிலேர்ந்து.”

“அறிவிருக்காடி உனக்கு? முப்பத்திரண்டு வருஷம் சயின்ஸ் சொல்லிக் கொடுத்தவன்னு வெளில யார்கிட்டயும் சொல்லிக்காதே!” என்று கத்தினார். தங்கைகளுக்குப் போன் போடவில்லை. வாசலில் நின்று ஆட்டோவைக் கூப்பிட்டார். இரண்டரை மாதத்தில் என்னை ஒருவர் திட்டியது அதுதான் முதல் தடவை. எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

பாலத்தைத் தாண்டி தில்லைநகரில் ஒரு ஆஸ்பத்திரி. எங்கள் தெருக்காரர்கள் யாரும் பெஞ்சில் இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன், அப்போதும். டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. நிமிர்ந்து பார்க்காமலே பேனாவை எடுத்தார்.

“சொல்லுங்கம்மா, யாருக்கு என்ன பண்ணுது?”

வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது. “எனக்குத் தெரிஞ்ச மாமி ஒருத்திக்கு மார்ல கட்டி.”

பக்கத்தில் என் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். டாக்டர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

“அந்த மாமி வந்திருக்காங்களா?”

“வந்திருக்கா.”

“அப்ப அவங்களை அந்தத் திரைக்குப் பின்னாடி போய்ப் படுக்கச் சொல்லுங்க. நான் கையக் கழுவிட்டு வரேன்.”

போய்ப் படுத்தேன். அவர் கை ஜில்லென்று இருந்தது. நல்ல கேள்வி என்றோ, தைரியசாலி என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. “எப்பத் தெரிஞ்சுது? ஏன் வரலை?” என்று மட்டும் கேட்டார். ஏகாதசி என்றேன். “பெருமாளா வர வேணாம்னாரு?” என்றார். ஊசி போட்டுச் சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒரு வாரத்தில் முடிவு வந்தது. புற்றுநோய்தான்.

“அப்பவே வந்திருந்தீங்கன்னா கட்டியை மட்டும் எடுத்துட்டு மார்பைக் காப்பாத்தப் பாத்திருக்கலாம்” என்றார் டாக்டர். “இப்ப முழுசா எடுத்தாகணும். உயிரைக் காப்பாத்திடலாம். ஆனா இனிமே ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீங்க.”

தை மாதம் எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் மகளிடம் சொன்னோம். மறுநாள் காலை அவள் போனில் கூப்பிட்டாள். அன்று மாலை ரயிலேறப் போகிறாள், அதற்குள் டிஸ்சார்ஜ் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று வரி வரியாக வாசிக்கச் சொன்னாள். என் கணவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஸ்பீக்கரைப் போட்டு, கூடத்தில் நின்றபடியே வாசிக்க ஆரம்பித்தார். நாற்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் மார்பு என்ற சொல்லை அவர் என்னிடம் உச்சரித்ததில்லை. தாளில் இருந்தது ஆங்கிலம். மகளுக்கு ஆங்கிலம் தெரியாது என்று நினைத்துவிட்டாரோ என்னவோ, ஒவ்வொரு வரியையும் தமிழிலும் சொன்னார்.

“இடது மார்பு. முழுசா எடுத்தாச்சு. கேக்கறதா? இடது மார்பு.”

வாசல் கதவு திறந்திருந்தது. எதிர்வீட்டு மாமி கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் கையை அப்படியே நிறுத்தி எங்கள் வீட்டைப் பார்த்தாள். கதவைச் சாத்துங்கோ என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“சரியா கேக்கலைப்பா” என்றாள் மகள்.

“இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கோ” என்றேன் நான்.