தேசப்பன் விட்டுக்கொடுத்த ஞாயிற்றுக்கிழமை

போன வாரம் காரை சர்வீஸுக்கு விட்டிருந்தேன். இந்தக் காலத்து சர்வீஸ் சென்டரில் ஏ.சி. இருக்கிறது, காபி கொடுக்கிறார்கள், நம் வண்டியை நம்மைத் தொட மட்டும் விடமாட்டார்கள். பிரசவ வார்டு வாசலில் நிற்கிற மாப்பிள்ளை மாதிரி கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து எட்டி எட்டிப் பார்க்க வேண்டியதுதான். அங்கே வேலை செய்கிற பெண் ஒருத்தி வந்து, "கடல் பக்கம் வண்டி போகுமா சார்? துருப்பிடிக்காம அடியில ஒரு கோட்டிங் அடிச்சிடலாம்" என்றாள். "போகாதும்மா" என்றேன். பக்கத்து வண்டிக்கு அதைத்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள். கதவு திறந்தபோது குப்பென்று நெடி வந்தது. என் மூக்கு அதை விட்டுவிட்டு வேறு ஒரு நெடிக்குப் போய்விட்டது. சுறா எண்ணெய்.

சுறா எண்ணெய் பூசிய காரில் நீங்கள் போயிருக்க மாட்டீர்கள். நான் ஓட்டியே இருக்கிறேன்.

பழவேற்காட்டில் எங்கள் குப்பத்துக்கு இறால் அள்ளி அள்ளி விழுந்த ஒரு வருஷம், பதினெட்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு பழைய அம்பாசடரை வாங்கினார்கள். அதை யார் எப்போது எடுப்பது என்று ஒருவரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஏரியில் வலை போடுகிற இடங்களுக்கு எங்களிடம் 'பாடு' என்று ஒரு ஏற்பாடு உண்டு. சீட்டுக் குலுக்கி, இன்றைக்கு இந்த இடம் இவனுக்கு, நாளைக்கு அவனுக்கு என்று முறை வைப்பது. காரையும் அப்படியே பாடு முறையில் விட்டார்கள். பதினெட்டு வீடு, பதினெட்டு நாள். உன் நாளை இன்னொருவனுக்கு விட்டுக்கொடுக்கலாம், ஆனால் அதற்குப் பதில் நாள் கேட்கக் கூடாது. திரும்ப உன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும்.

லைசென்ஸ் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். பொன்னேரியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மூன்று வருஷம் கை கறுத்தவன். யார் பாடானாலும் டிரைவர் நானே. போக இடமில்லாதவர்கூடத் தன் பாட்டை வீணாக்க மாட்டார். ஒருவர் காலையிலிருந்து சாயங்காலம் வரை வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி, பின்சீட்டில் உட்கார்ந்து வலைக் கிழிசலைத் தைத்தார். கேட்டதற்கு, "என் பாடு, நான் எப்டி வேணா குந்துவேன், உனக்கின்னா?" என்றார்.

சாயங்காலம் அடுத்த வீட்டிடம் கொடுப்பதற்கு முன் வண்டியைக் கழுவ வேண்டும். படகைக் கழுவித்தானே எங்களுக்குப் பழக்கம், ஏரித் தண்ணீரை வாளி வாளியாக மொண்டு ஊற்றினார்கள். அடுத்தவன் குறை சொல்லிவிடக் கூடாதே என்று அடியிலும் வீசி அடித்தார்கள். மெக்கானிக் என்று மார்தட்டிக்கொண்டிருந்த நானும் பக்கத்தில் நின்று, "அங்க சேறு கீது பாரு" என்று கைகாட்டினேன். உப்புத் தண்ணீர் என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை. ஒரு நாள் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தவரின் கால் தகரத்தைத் துளைத்துக்கொண்டு ரோட்டைத் தொட்டது. அப்புறம்தான் மரப்படகுக்குப் பூசுகிற சுறா எண்ணெயை வண்டியின் அடியில் பூசினேன். துரு கொஞ்சம் அடங்கியது. ஆனால் பொன்னேரி பஜாரில் நிறுத்தினால் ஊர்ப் பூனைகள் எல்லாம் வண்டிக்கு அடியில் வந்து உட்கார்ந்துவிடும்.

டச்சுக்காரர் கல்லறை மதிலோரம் இருந்த வேப்பமர நிழல்தான் எங்கள் ஷெட். அங்கே நின்றுகொண்டு கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் வண்டி சாஸ்திரம் சொல்வேன். காதுக்கு அகப்படாத கோளாறு கோளாறே இல்லை என்பது என் கட்சி. ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டால் எந்த இடத்தில் தட்டுகிறது என்று தெரிந்துவிடும். அம்பாசடரை எருமை என்று கேலி செய்பவர்களிடம், எருமைதான், உன் ஃபியட்டில் பத்துப் பேரையும் இரண்டு கூடை மீனையும் ஏற்றிக் காட்டு பார்க்கலாம் என்று சண்டைக்குப் போவேன். இதெல்லாம் பேசி முடித்தால் கடைசியில் சோழவரம் வந்துவிடும். அங்கே பழைய விமானத் தளத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை கார் ரேஸ். ரேஸ் வண்டிகளின் புகை விளக்கெண்ணெய் வாசம் அடிக்கும். அந்த வாசத்துக்கே நான் கிறங்கிப்போவேன். அதுவரை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ப் பார்த்தவன், அந்த வருஷம் காரில் போய் இறங்க ஆசைப்பட்டேன்.

ரேஸ் நடந்த ஞாயிற்றுக்கிழமை தேசப்பனுடைய பாடு. தேசப்பன் என் கூட்டாளி, பக்கத்து வீடு. போய்க் கேட்டேன்.

"இல்லடா, நைனாவ ஆரம்பாக்கம் இட்டுனு போணும். அத்தைக்கு ஒடம்பு சரியில்ல. தம்பிய ஒரு வாட்டி கண்ணால பாக்கணும்னு சொல்லி அனுப்பிச்சிக்குது" என்றான்.

அவன் அப்பா படகில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தவர். ஏரிக்கு வடக்கே இருக்கிற ஆரம்பாக்கத்துக்குப் படகிலும் போக முடியாது, பஸ்ஸிலும் உட்கார முடியாது. பின்சீட்டில் படுக்க வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்: "அத்தை எங்கடா ஓடிப்போவப் போவுது? அடுத்த பாட்டுல போலாம். ரேஸு வருசத்துக்கு ஒரு வாட்டிதான்."

உள்ளே கட்டிலில் இருந்து அவன் நைனாவின் குரல் வந்தது. "குடுத்துர்றா. ஆசப்படறான் இல்ல."

அக்காவுக்குக் கொடுக்க வாங்கி வைத்திருந்த வஞ்சிரக் கருவாடு, அவர் தலைமாட்டு ஆணியில் பொட்டலமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதையும் பார்த்துவிட்டுத்தான் சாவியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

ரேஸ் பார்த்தேன். அதோடு விட்டேனா? திரும்பி வரும்போது எனக்கே பேய் பிடித்துவிட்டது. முன்னால் போன ஒரு லாரியை முந்துவதென்று மிதி மிதியென்று மிதித்தேன். லாரியை முந்தினேன். பொன்னேரி தாண்டியதும் முன்னால் வெள்ளையாக ஆவி கிளம்பி வண்டி நின்றது. இன்ஜின் தலைக்கு அடியில் இருக்கிற ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. டிராக்டரில் கட்டி இழுத்து வந்தோம்.

வியாழக்கிழமை படகில் ஆள் வந்தது. அத்தை போய்விட்டார். அப்போது இன்ஜின் தலை கழன்று கோணிச் சாக்கின் மேல் கிடந்தது, புது கேஸ்கெட் வந்து சேரவில்லை. அன்றைக்குப் பாட்டுக்காரர் ஓடி வந்து, "என் பாட்ட எடுத்துக்கோப்பா" என்று தேசப்பனிடம் சொன்னார். எடுப்பதற்கு வண்டி இல்லை. தேசப்பன் அந்தப் படகிலேயே தனியாகப் போனான்.

நான் அவன் வீட்டுக்குப் போய்க் கட்டிலருகே நின்றேன். கிரீஸ் கையைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. பொட்டலம் அதே ஆணியில் இருந்தது. பெரியவர் என்னை உட்காரச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "ரேஸுல யாரு ஜெயிச்சாங்க?" என்று கேட்டார். குத்திக் கேட்கவில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. வந்தவனிடம் ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டார். மூன்று நாளாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்த பெயர் எனக்கு வாயில் வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

தேசப்பனின் அடுத்த பாடு வந்தபோது வண்டியைத் துடைத்து, பின்சீட்டில் மெத்தை விரித்துக் கொண்டுபோய் நிறுத்தினேன். "இனிமே எதுக்குப்பா" என்றார் பெரியவர். அந்தக் காரில் அவர் கடைசிவரை ஏறவே இல்லை.

அவரும் போய்விட்டார். வண்டியை உப்பு தின்றது போக மிச்சம் இரும்புக் கடைக்குப் போயிற்று. சோழவரத்தில் ரேஸ் நின்று எத்தனையோ காலமாகிறது. நான் மெட்ராஸுக்கு வந்து மூன்று கார் மாற்றிவிட்டேன். அவற்றில் ஒன்றுகூடப் பழவேற்காட்டைப் பார்த்ததில்லை. ஊருக்கு பஸ்ஸில்தான் போகிறேன். ஒவ்வொரு தடவையும் தேசப்பன், "வண்டி எங்கடா?" என்பான். "சர்வீஸ்ல கீது" என்பேன். "எப்பப் பாரு சர்வீஸா? இன்னா வண்டிடா அது" என்று சிரிப்பான்.

போன வாரம் நிஜமாகவே சர்வீஸில் இருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தபடி அவனுக்குப் போன் போட்டேன். கோட்டிங் அடித்து எடுத்து வருகிறேன், இரண்டு பேரும் ஆரம்பாக்கம் போய்விட்டு வரலாம் என்றேன்.

"எடுத்துனு வா, போலாம்" என்றான். "ஆனா அங்க இப்ப யாருடா கீறாங்க, நம்ம போய்ப் பாக்க?"