தூத்துக்குடி பஜாரில் நாங்கள் ஓடியது

நாலு பேர் முன்னால் பேசச் சொன்னாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். படிப்பும் பத்தாம் வகுப்போடு சரி. அப்படிப்பட்டவள் ஒரு ஊரைப் பற்றி எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல வராததை எழுதித்தான் தீர்க்க வேண்டியிருக்கிறது.

என் தங்கை மகளுக்குத் தூத்துக்குடியில் மாப்பிள்ளை அமைந்தது. துறைமுகத்தில் வேலை. நிச்சயமும் முடிந்துவிட்டது. தங்கை, அவள் மகள், நான், மூன்று பேருமே சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். கல்யாணத்துக்குப் பிறகு பெண் வெடிமருந்துப் பக்கமே போகவேண்டாம் என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் பெண் தலையாட்டினாள். என் தங்கை நிம்மதியாகச் சாப்பிட்டதே அதற்கப்புறம்தான்.

முகூர்த்தப் பட்டு எடுப்பது மாப்பிள்ளை வீட்டார். பெண்ணும் வந்து பார்க்கட்டும் என்று சம்பந்தியம்மா கூப்பிட்டிருந்தார். மாப்பிள்ளைக்கு அன்று டூட்டி. பஸ்ஸை விட்டு இறங்கிய எங்களை அந்த அம்மா நேரே பஜாரின் நடு முக்குக்குக் கூட்டிப்போய் நிறுத்தினார். நாலு ரோடு கூடுகிற இடம். நடுவில் உயரமாக ஒரு விளக்குக் கம்பம், அதைச் சுற்றி ஆட்டோ, பஸ், பலூன்காரன், செருப்புக் குவியல். இந்த இடத்தில் ஒரு நாள் நின்றால் சிவகாசிக்குத் திரும்பிப் போக மனசு வராது என்றார். எனக்கு நின்ற அஞ்சாவது நிமிஷமே போகலாம் என்றிருந்தது. உப்புக் காற்றில் வியர்வை காயவே இல்லை.

கடல் எங்கே என்று கேட்டேன். அந்தப் பக்கம் என்று கையைப் பின்னால் காட்டினார். இத்தனை பெரிய கடலை வைத்துக்கொண்டு, ஊரே அதற்கு முதுகைக் காட்டி ஜவுளிக்கடையைப் பார்த்து நிற்கிறது. அந்த ஊர் முந்திரி இனிப்பான மக்ரூன் வாங்கிக் கொடுத்தார். அம்புட்டுப் பேர் சொல்கிற மக்ரூன், வாயில் போட்டதும் காணோம். காசு கொடுத்துக் காற்றைத் தின்கிற ஊர். ஏறிய கடையிலெல்லாம் கல்லாவுக்கு மேல் தொங்கிய தினசரி காலண்டர் எங்கள் ஊர் அச்சு. இன்றைக்கு என்ன கிழமை என்பதற்கே எங்களை எதிர்பார்க்கிறவர்களுக்கு இவ்வளவு மிதப்பு.

கடைசியில் நுழைந்தது மாடி மாடியாக ஏசி போட்ட பட்டுக்கடை. வாசலில் விறைப்பாக ஒரு செக்யூரிட்டி. உள்ளே விரிக்கிற சேலைக்கெல்லாம் சம்பந்தியம்மா விலையைச் சத்தமாகப் படித்தார், பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று. ஒரு அரக்குச் சேலையைக் கடைப்பெண் எங்கள் பிள்ளையின் தோளில் மடித்துப் போட்டு, ஊக்கு குத்தி, கண்ணாடி முன் நிறுத்தினாள். பிள்ளை சிரித்தாள். நன்றாகத்தான் இருந்தது.

அப்போது மேலே ஏசிப் பெட்டியில் டப்பென்று ஒரு சத்தம். கொஞ்சம் புகை. விளக்கு அணைந்தது.

எங்கள் ஷெட்டுகளுக்கு எல்லாப் பக்கமும் வாசல் உண்டு. சத்தம் கேட்டால் என்ன ஏது என்று பார்க்கக் கூடாது. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே ஓட வேண்டும். யோசித்தவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. நாங்கள் மூன்று பேரும் யோசிக்கவில்லை. ஒருத்தி கையை ஒருத்தி பிடித்து இழுத்துக்கொண்டு, படியிறங்கி, ரோட்டைத் தாண்டி, அந்த விளக்குக் கம்பத்தடியில் போய்த்தான் நின்றோம். கடைக்குள் இருந்தவர்கள் ஒருவர்கூட அசையவில்லை. வாயைப் பிளந்துகொண்டு மேலே பார்த்தார்கள். நிஜமாகவே தீப்பிடித்திருந்தாலும் அப்படியே பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

ஊக்கு குத்திய பட்டு பிள்ளையின் தோளோடு வந்துவிட்டது. செக்யூரிட்டி பின்னாலேயே ஓடிவந்து, "சேலைய எடுத்துட்டா ஓடுதிய?" என்று அவள் கையைப் பிடித்தான். கூட்டம் கூடிவிட்டது. பலூன்காரன்கூட வியாபாரத்தை விட்டுவிட்டு வந்தான். ஒருத்தன் போனில் படம் எடுத்தான். என் தங்கை அழ ஆரம்பித்தாள். எனக்கு வழக்கம்போல வாய் வரவில்லை.

யாரோடு வந்தீர்கள் என்று செக்யூரிட்டி கேட்டான். பிள்ளை கடை வாசலைக் காட்டினாள். சம்பந்தியம்மா அப்போதுதான் அங்கே வந்து நின்றிருந்தார். செக்யூரிட்டி அவரைப் பார்த்து, "உங்க ஆளுவளா?" என்று கத்திக் கேட்டான். அந்த அம்மா எங்களைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பிறகு பையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

கடைப்பெண்தான் ஓடிவந்து, சேலையைப் போட்டுவிட்டது தான்தான் என்று சொல்லி ஊக்கைக் கழற்றினாள். கூட்டம் கலைந்தபிறகுதான் சம்பந்தியம்மா மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"ஊரே பாக்கும்படி ஆக்கிட்டியளே. எங்களுக்கு இங்கன ஒரு மரியாதை இருக்கு."

தங்கை கையெடுத்துக் கும்பிடப் போனாள். பிள்ளை அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"சத்தம் கேட்டா ஓடணும்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காக அத்தை. தெரியாதவுக மாதிரி குனிஞ்சீகளே, அத உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

அந்த அம்மா பையை மூடினார். வேறு சேலை பார்க்கலாமா என்று மட்டும் கேட்டார். நாங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம்.

பஸ்ஸில் தங்கை, கம்பெனியை விட்டு வெளியே வர இருந்த ஒரே வழியையும் அடைக்கிறாயே என்று மகளிடம் கெஞ்சினாள். பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு என்னிடம் சொன்னாள், "வேண்டாம் பெரியம்மா. அங்கனயும் எப்ப ஓடணும்னு பாத்துக்கிட்டேதான் இருக்கணும்." வெளியே உப்பளங்கள் போய்க்கொண்டிருந்தன.

பிள்ளை சொல்லியனுப்பி, மறுநாள் காலையில் கல்யாணத் தரகர் வந்தார். நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வைத்த சேலையையும் தட்டுச் சாமான்களையும் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். நாங்கள் மூன்று பேரும் வேலைக்குப் போனோம்.