பூவரசில் தொங்கிய குழல்

பெரியம்மா ஆட்டோடு பேசுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். தீவிலுள்ள சரவணைப் பாடசாலைக்கு ஆசிரியையாக நியமனம் கிடைத்து, ஒரு சூட்கேசும் அம்மா கட்டித்தந்த பனங்கட்டியுமாக அவர்கள் வீட்டில் வந்து இறங்கிய அன்று மத்தியானம். குசினி வாசலில் நின்றபடி, குழை தின்றுகொண்டிருந்த மறியாட்டைப் பார்த்து, “சோறு ஆறுது. சாப்பிடுற ஆக்கள் வந்து சாப்பிடலாம்” என்று உரத்துச் சொன்னார். ஆடு அசையவில்லை. முற்றத்துக்கு அப்பால் கம்மாலையில் இரும்பு தட்டிக்கொண்டிருந்த பெரியப்பா எழுந்தார், கை கழுவினார், வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். குழம்பில் உப்புக் குறைவு போலிருக்கிறது. அவரும் அந்த ஆட்டையே பார்த்து, “உப்புக் கொஞ்சம் வந்தால் நல்லது” என்றார். உப்புச் சிரட்டை வந்தது.

நான் வந்த பிறகு ஆட்டின் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. “பிள்ளை, உங்கடை பெரியப்பாவிட்டைச் சொல்லு, கிணத்துக் கப்பி கத்துது” என்பார் பெரியம்மா. பெரியப்பா எனக்குப் பின்னால் நாலடி தள்ளித்தான் நிற்பார். நான் திரும்பிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கப்பிக்கு எண்ணெய் விழாது. ஊரில் இதை ஒரு புதினமாகவே யாரும் எடுக்கவில்லை. எத்தனையோ வருடமாகப் பார்த்துப் பழகிவிட்டார்கள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. பகலெல்லாம் பிள்ளைகளின் இரைச்சலில் கிடந்துவிட்டு வந்தால் அந்த வீட்டின் அமைதி நெஞ்சை அடைக்கும். அவர்களுக்குப் பிள்ளை குட்டியும் இல்லை. இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் தனித்தனியே கிழடாகிக்கொண்டிருந்தார்கள்.

காரணம் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். பெரியம்மா என் அம்மாவின் மூத்த அக்கா. பெரியப்பா துவக்குச் செய்கிறவர். வெள்ளைக்காரன் காலத்திலேயே அதற்கு அனுமதி எடுத்தவர். பழைய லொறிகளின் ஸ்ரியறிங் குழலைக் கடைந்து, ஒற்றைக்குழல் துவக்கு மட்டும் செய்வார். நடுவில் மடக்கி ஒரு தோட்டா போட்டால் ஒரு வெடி. அடுத்த வெடிக்கு மறுபடியும் மடக்கவேண்டும். இரட்டைக்குழல் கேட்டு வந்தவர்களிடம், “கோவக்காரனுக்கு ஒரு வெடி காணும். மற்றத் தோட்டா போடுறதுக்குள்ளை புத்தி வந்திடும்” என்று சொல்லித் திருப்பி அனுப்புவாராம். தன் கெட்டித்தனத்தில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஆனால் அந்தக் குழல்களைச் சோதித்தது பெரியம்மா. கலியாணம் முடித்த புதிதில், கடைந்து வைத்திருந்த குழல் ஒன்றை, சந்தையில் சட்டி வாங்கும் பெண்கள் சுண்டிப் பார்ப்பது போல விளையாட்டாகத் தட்டிப் பார்த்திருக்கிறார். “இது கீறின சட்டி மாதிரிக் கத்துது” என்றாராம். பெரியப்பா சிரித்துவிட்டு, அந்தக் குழலைத் துவக்கில் பூட்டிப் பனையில் கட்டி, மதிலுக்குப் பின்னால் ஒளிந்து நின்று கயிற்றை இழுத்து முதல் வெடி வைத்தார். குழல் வாழைப்பூப் போல விரிந்துபோயிற்று. அதன் பிறகு பெரியம்மா ‘திறம்’ என்று சொல்லாத ஒரு குழலுக்கும் அவர் பிடி போட்டதில்லை. வெடிகளையும் சம்மட்டியையும் கேட்டுக் கேட்டுப் பெரியப்பாவின் காது மந்தமானது. உரத்துக் கத்தினால் கேட்கும். மெல்லிய ஓசை ஒன்றும் ஏறாது. இரும்புக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதை அறிய அவருக்குப் பெரியம்மாவை விட்டால் வேறு வழி இல்லாமல் போயிற்று.

அப்படித் திறம் என்று சொல்லிப் போன துவக்கு ஒன்று, ஒரு வேலிச் சண்டையில் என் சின்ன மாமாவைக் கொன்றது. பெரியம்மாவின் கடைசித் தம்பி. பெரியம்மா இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. ஒரே ஒரு வெடி. சுட்டவனுக்குப் பிறகு புத்தி வந்ததோ என்னவோ, இரண்டாவது தோட்டாவுக்குத் தேவை இருக்கவில்லை. துவக்கு ஊர்காவற்துறை நீதிமன்றத்துக்குப் போயிற்று. செத்தவீட்டிலிருந்து திரும்பி வந்த பெரியம்மா, புருசனோடு பேசுவதை அன்றோடு விட்டார். பெரியப்பாவும் துவக்கு வேலையை விட்டார். அலவாங்கு, மண்வெட்டி, சீவற்காரரின் பாளைக்கத்தி என்று தட்டிக் காலத்தை ஓட்டினார்.

நான் அங்கே போய் இரண்டாம் வருடம், வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோன காலம். வன்னியில் காணி எடுத்திருந்த தீவுக்காரருக்குப் பன்றித் தொல்லை தாங்க முடியவில்லை. கடைகளில் புதுத் துவக்கு இல்லை. அவர்களில் இறுப்பிட்டிக்காரர் ஒருவர் பெரியப்பாவைத் தேடி வந்தார். பெரியப்பா ஏலாது என்றார். வந்தவர் விடவில்லை, வளவில் நின்று மன்றாடினார். அடுத்த நாள் காலை, தூசி பிடித்துக் கிடந்த கடைசல் இயந்திரம் சுற்றும் சத்தம் கேட்டது. மீன் வெட்டிக்கொண்டிருந்த பெரியம்மா கத்தியை வைத்துவிட்டு அப்படியே இருந்தார். பெரிய சண்டை ஒன்று வரப்போகிறது என்று நான் பயந்தேன். ஆனால் சண்டை போடுவதற்கும் பேச வேண்டுமே.

குழல் கடைந்து முடிந்ததும் பெரியப்பா ஒரு வேலை செய்தார். குசினிக்கு எதிரே வேலியோரம் நின்ற பூவரசில், சணல் கயிற்றில் அதைத் தொங்கவிட்டார். அதன் கீழே ஒரு கல்லின் மேல் சின்னச் சுத்தியலை வைத்தார். என்னிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை. கம்மாலை வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பெரியம்மா அந்தப் பக்கமாகத் தண்ணீர் கொண்டு போனார், உமி கொண்டு போனார், தலையைத் திருப்பவில்லை. சில நாட்கள் இப்படியே போயின. பள்ளிக்கூடத்தால் வரும்போதெல்லாம் முதலில் பூவரசைத்தான் பார்ப்பேன். குழல் தொங்கிக்கொண்டே இருக்கும், பெரியப்பாவும் இருந்துகொண்டே இருப்பார். அந்த மனுசனைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

ஒரு சனிக்கிழமை, ஆட்டுக்குக் கழுநீர் வைத்துவிட்டுத் திரும்பிய பெரியம்மா சட்டென்று நின்றார். சுத்தியலை எடுத்தார். குழலை ஒருமுறை தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டார். நான் சோற்றுப் பானையோடு அசையாமல் நின்றேன். அவர் ஆட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. கம்மாலைப் பக்கம் திரும்பி, “சரியில்லை!” என்று கத்தினார்.

செய்த வேலை பிழை என்று கேட்டு ஒருவருடைய முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பெரியப்பா ஓடிவந்து குழலை அவிழ்த்தார். அன்று பின்னேரமே அதைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டுவிட்டு அடுத்ததைத் தொடங்கினார்.

அதுவும் சரியில்லை. அதற்கடுத்ததும் சரியில்லை. ஆனால் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. “எந்தப் பக்கம்?” என்று பெரியப்பா கேட்பார். “அடிப்பக்கம். கம்மிப் போய்க் கிடக்கு.” “கூடச் சூடு வைச்சிட்டனோ?” “எனக்கென்ன தெரியும்? இரும்பு உங்கடை வேலை.” இவ்வளவுதான். ஒரு கிழமைக்கோ இரண்டு கிழமைக்கோ ஒருமுறை. குழல் தொங்காத நாட்களில் நான்தான் மறுபடியும் தூது. இதற்கிடையில் பெரியப்பா மறுபடியும் துவக்குச் செய்கிறார் என்று கேள்விப்பட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் வெறுங்கையோடு போனார்கள். இறுப்பிட்டிக்காரர் பொறுமை இழந்து ஒருநாள் சத்தம் போட்டார். “மனிசி இன்னும் திறமெண்டு சொல்லேல்லை. நான் என்ன செய்ய?” என்றார் பெரியப்பா. வந்தவர் எங்கள் மூவரையும் விசர் பிடித்தவர்களைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு ஒருவரும் வரவில்லை. குழல்கள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன.

நான் சும்மா இருப்பவள் அல்ல. ஒருநாள் பெரியப்பா சந்தைக்குப் போயிருந்த நேரம், ‘சரியில்லை’ என்று தீர்ப்பாகி வெட்டுக்குக் காத்திருந்த குழலைத் தட்டிப் பார்த்தேன். கோவில் கைமணி மாதிரி நீளமாகக் கணீரென்றது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. நேரே குசினிக்குப் போய், “பெரியம்மா, அந்தக் குழலுக்கு ஒரு குறையும் இல்லை. ஏன் அந்த மனுசனைப் போட்டு அலைக்கழிக்கிறீங்கள்?” என்று கேட்டேன்.

தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை. “சின்ன மாமாவைச் சுட்ட குழலும் நல்லாத்தான் கத்தினது” என்றார். “நான்தான் திறமெண்டு சொல்லிக் குடுத்தனான். ஊர் அவரைக் குறை சொல்லிச்சுது. நானும் அவரைத்தான் சொன்னனான். இனி என்ரை வாயாலை ஒரு துவக்குப் போகாது.” பிறகு துருவலையைத் தட்டிவிட்டு, “அவரிட்டைச் சொல்லிப்போடாதை” என்றார். நான் சொல்லவில்லை. அன்றுதான் எனக்குப் பெரியம்மா மேல் முதல்முறையாக உண்மையான இரக்கம் வந்தது.

பிறகு நான் கலியாணம் முடித்து மாற்றலாகிப் போய்விட்டேன். சில வருடங்களில் பெரியம்மா காய்ச்சலில் இறந்துபோனார். அந்தியேட்டிக் கிரியை முடிந்து சொந்தபந்தம் கலைந்த பிறகு, பெரியப்பாவைப் பார்த்து வருவோம் என்று ஒருநாள் ஊர்காவற்துறை பஸ்ஸில் போய் இறங்கினேன். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. ஆட்டையும் விற்றுவிட்டார். ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருந்த அமைதி வேறு, பேச ஆளே இல்லாத அமைதி வேறு என்பது அப்போது எனக்குச் சரியாக விளங்கவில்லை. இன்று, பிள்ளைகள் தூரதேசத்தில் இருக்க, தொலைக்காட்சியை ஒரு குரலுக்காகப் போட்டுவிட்டு இருக்கும்போது நன்றாக விளங்குகிறது. அன்று பூவரசில் புதுக் குழல் ஒன்று தொங்கியது. பெரியப்பா சுத்தியலை என் கையில் தந்தார்.

தட்டினேன். கணீரென்றது.

“என்ன சொல்லுது?” என்று கேட்டார்.

பொய் சொல்ல மனம் வரவில்லை. “திறம், பெரியப்பா” என்று அவருடைய காதுக்குக் கிட்டப் போய்க் கத்தினேன்.

“ஓம்” என்றார் அமைதியாக. “எல்லாம் திறம்தான்.” குழலின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு விரலால் சுண்டிக் காட்டினார். “காது கேக்காட்டிலும் பல்லுக்குத் தெரியும், பிள்ளை. முதலாவதை நான் நம்பி வெட்டினனான். இரண்டாவதைக் கடிச்சுப் பாத்தனான்.”

“அப்ப ஏன் மற்றதெல்லாத்தையும் வெட்டினனீங்கள்?”

“திறமெண்டால் வேலை முடிஞ்சுது. பிறகு என்னோடை கதைக்க அவவுக்கு என்ன கிடக்கு? சரியில்லையெண்டாத்தானே மற்றதுக்கும் வருவா. துவக்கு எனக்கும் வேண்டாம். செத்தவன் எனக்கும் தம்பிதானே.” குழலைக் கையால் ஒருமுறை தடவினார். “இதை நேற்றுத்தான் முடிச்சனான். தொங்கவிட்டிட்டு இருந்தனான். ஒருத்தரும் வரேல்லை.”

என்ன செய்கிறேன் என்று யோசிக்காமலே சுத்தியலை எடுத்து இன்னொருமுறை தட்டினேன். தலையைச் சாய்த்துக் கேட்டேன். பிறகு என் பலம் எல்லாம் சேர்த்து, “சரியில்லை!” என்று கத்தினேன்.

பெரியப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். கொஞ்சம் சிரித்தார். சுத்தியலை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

“வேண்டாம், பிள்ளை” என்றார். “அது அவவின்ரை பொய். அவதான் சொல்ல வேணும்.”