நாகேந்திரத்தின் துளைக்கற்கள்

வெள்ளவத்தையில் ரயில் பாதையை ஒட்டிய ஒழுங்கையில் கனகேஸ்வரியைத் தெரியாதவர்கள் குறைவு. அவள் சுத்தம் அப்படிப்பட்டது. வாசலில் நின்று தும்மினால்கூடத் துணியோடு வந்து துடைத்துவிட்டுப் போவாள் என்று அயலவர்கள் கேலி பேசுவார்கள். அதில் பெரிய பொய் ஒன்றும் இல்லை. அந்தச் சுத்தமே ஒருநாள் முகம் தெரியாத மனிதர்களின் உயிருக்கு உலை வைக்கும் என்று யார் கண்டார்கள்?

அவளுடைய புருஷன் நாகேந்திரம் காரீயக் கம்பனியில் வேலை செய்தவர். பென்சிலுக்கும் இரும்பு உருக்கும் மூசைக்கும் போகிற அந்தக் கரிய பொருள் பூமிக்குள் எங்கே கிடக்கிறது என்று அறிய, கம்பனிக்காரர் நிலத்தில் ஆழமாகத் துளை போடுவார்கள். துளைக்குள்ளிருந்து உருளை உருளையாகக் கல் வரும். வந்த வரிசை மாறாமல் அதை நீளமான மரப்பெட்டிகளில் அடுக்கி வைப்பதுதான் நாகேந்திரத்தின் வேலை. துளை போடச் சொன்னவர் துரை, காரீயத்தைக் கண்டவர் துரை, பத்திரிகையில் படம் வந்ததும் துரைக்குத்தான். நாகேந்திரத்தின் பெயரைச் சம்பள நாளில்கூடச் சரியாகக் கூப்பிட்டதில்லை.

கம்பனி நொடித்து மூடியபோது மற்றவர்கள் மேசை, கதிரை, மணிக்கூடு என்று ஆளுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இந்த மனுஷன் மட்டும் கற்பெட்டிகளை லொறியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கனகேஸ்வரி ஒரு கிழமை அவரோடு முகம்கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு பின்னறையை ஒழித்துக் கொடுத்தாள். அவர் மாலைதோறும் பெட்டிகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். என்ன பார்க்கிறார் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கல்லைப் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது என்று அவள் நினைத்தாள்.

ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட வருஷம் அவர் காய்ச்சலில் போய்விட்டார். பெட்டிகளோடு வந்த துளைக்கணக்குக் கடதாசிகளைக் கறையான் தின்று தீர்த்திருந்தது. கல்லைத்தான் அதனால் தின்ன முடியவில்லை.

அடுத்த வருஷம், கறுவாத்தோட்டத்தில் கல்லும் கனிமமும் பார்வைக்கு வைத்திருந்த அரசாங்க மண்டபத்திலிருந்து மர்ஸூக் என்பவர் வந்தார். கொட்டாஞ்சேனைக்காரர், மண்டபத்தில் கற்களுக்குப் பொறுப்பானவர். பெட்டிகளை மேலோட்டமாகப் பார்த்ததுமே அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"இத நீங்க மண்டபத்துக்குக் குடுத்தா ஐயாட பேரப் பலகையில எழுதி மேல மாட்டுவோம் அம்மா. வார சனமெல்லாம் வாசிக்கும்" என்றார்.

அவள் அழுதேவிட்டாள். சுடலையில் வேகிறபோதுகூட அந்த மனுஷனுக்கு நாலு பேர் சேர்ந்து நின்று ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. இனி ஊரே வாசிக்கும். "ஓம் தம்பி. சரஸ்வதி பூசை முடியட்டும். படைச்சுப்போட்டுத் தாறன்" என்றாள்.

புருஷன் தொழில் செய்த பொருளைப் பூசையில் வைக்காமல் வாசல் தாண்ட விடுவதா? பெட்டிகளை முற்றத்தில் இறக்கி, ஒவ்வொரு கல்லையும் மஞ்சள் தண்ணீரில் கழுவினாள். கல்லின் மேல் அவர் வெண்கட்டியால் கிறுக்கியிருந்த எண்கள் தண்ணீரோடு போயின. அழுக்கு போகிறது என்றுதான் அவள் எண்ணிக்கொண்டாள். ஒரு பெட்டியைத் திறந்தபோது அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. கல் முடிகிற இடத்திலிருந்து ஒரு வரிசை முழுக்க வெறும் மரக்கட்டை. அதற்கப்பால் மறுபடி கல். கல் போதாமல் மனுஷன் கட்டையைச் செருகி ஒப்பேற்றியிருக்கிறார் என்று நினைத்தாள். அம்பாளுக்குக் குறையோடு படைப்பதா? அரசாங்கம் பார்த்தால் அவரைப் பற்றி என்ன நினைக்கும்?

கட்டைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கற்களை நெருக்கி அடுக்கினாள். கடைசியில் மிஞ்சிய இடத்துக்குச் பெட்டிகளோடு வந்த சாக்கில் கிடந்த உதிரிக் கற்களில் நிறம் பொருந்துவதாகப் பார்த்து வைத்தாள். சும்மா சொல்லக்கூடாது, கோடு போட்டதுபோல் அமைந்துவிட்டது. எல்லாக் கல்லுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள்.

விறகுக்குத் தட்டுப்பாடான காலம். அந்தக் கட்டைகளை வைத்துத்தான் படையலுக்குக் கடலை அவித்தாள். துளைபோடும் எந்திரத்தின் எண்ணெய் ஊறியிருந்த மரம் சீறிச் சீறி எரிந்தது. கரும்புகை வீடு முழுக்கச் சூழ்ந்து, விளக்கையும் மங்கவைத்தது. அபசகுனமோ என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. நல்ல நாளில் வேண்டாத நினைப்பு எதற்கு என்று தன்னைத்தானே கடிந்துகொண்டாள்.

விஜயதசமி கழிந்ததும் பெட்டிகள் மண்டபத்துக்குப் போயின. சில கிழமைகளின் பின் ஒரு காலையில் மர்ஸூக் வாய் நிறையச் சிரிப்போடு வந்தார். கனகேஸ்வரி தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

"பலகை மாட்டியாச்சு அம்மா. அதவிடப் பெரிய விஷயம் ஒண்ணு. யுத்தத்துக்குக் காரீயம் வேணுமாம், அந்தப் பழைய எடத்த புதுக் கம்பனியொண்டு தொறந்திரிக்கி. அவங்கட இஞ்சினியர் வந்து ஐயாட கல்லத்தான் பாத்தாரு. அடிவரைக்கும் ஒடையாத நல்ல பாறையாம். அத நம்பித்தான் கீழ சொரங்கம் வெட்டுறாங்க."

"கல்லைப் பாத்தே சொல்லலாமோ தம்பி?"

"சொல்லலாமே. அந்தக் காலத்துல ஊர்ச்சனம் கண்டபடி தோண்டிப்போட்டு உட்ட குழியெல்லாம் உள்ளுக்குத் தண்ணி நெறஞ்சி கெடக்கும். துளை போடக்குள்ள ஊசி அதுக்குள்ள உழுந்தா கல்லு வராது. வராத எடத்துல, அந்த அளவுக்கு மரக்கட்டைய வெச்சிருவாங்க. ஐயாட பெட்டியில ஒரு கட்டையும் இல்ல. அதான் பயமில்லாம வெடி வைக்கிறாங்க."

மாலை மாலையாக அவர் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது எதை என்று கனகேஸ்வரிக்கு இப்போது விளங்கியது. ஒரு வரிசை முழுக்கக் கட்டை. அத்தனை பெரிய வெறுமை, அத்தனை தண்ணீர். அதை நோக்கித்தான் ஆட்கள் வெட்டிக்கொண்டு போகிறார்கள். வாயைத் திறந்தால் பலகை இறங்கும், அவருடைய கற்கள் குப்பை என்று பெயராகும். திறக்காவிட்டால் யாருக்கும் தெரியவராது. கட்டைகள் சாம்பலாகிப் போயின. மர்ஸூக் ஒரு மடக்குக் குடித்துக் கோப்பையை வைக்கும்வரை அவள் பேசாமல் நின்றாள். அதற்காக அவளைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

"கட்டை இருந்தது தம்பி. நான்தான் எடுத்து எரிச்சனான்."

மர்ஸூக் எழுந்துவிட்டார். "எந்தப் பெட்டியில?"

அவளுக்குத் தெரியவில்லை. காலி வீதி மருந்துக்கடை டெலிபோனில் வெளியூருக்குப் பேச முடியவில்லை. லைன் எல்லாம் பட்டாளத்துக்கு. மண்டபத்து அரசாங்க டெலிபோனில் கிடைக்கும் என்று அவளையும் ஏற்றிக்கொண்டு ரிக்‌ஷோவில் விரைந்தார். வழி முழுக்க அவள் முருகனைக் கூப்பிட்டாள்.

மண்டபத்தில் மர்ஸூக் டெலிபோனோடு மல்லுக்கட்ட, கனகேஸ்வரி பெட்டிகளின் முன்னால் போய் நின்றாள். சந்தனம் காய்ந்து உதிர்ந்த அடையாளம் கல்லுக்குக் கல் இருந்தது. ஒவ்வொரு வரிசையாகக் கையை வைத்துப் பார்த்தாள். இதுவா, அதுவா? எங்கும் ஒரு நூல் இடைவெளி இல்லை. மற்றவர்கள் கண்ணை ஏமாற்றியது அவளையும் ஏமாற்றியது. தலையில் அடித்துக்கொண்டு அழவேண்டும் போல இருந்தது.

"லைன் கெடச்சிட்டு" என்றார் மர்ஸூக். காதில் வைத்தபடி நெடுநேரம் நின்றார். "மணி அடிக்குது. ஆருமே எடுக்கிறாங்க இல்ல."

"வேலை நேரம் எல்லோ தம்பி?"

"வேல நேரந்தான்."

சுரங்கத்துக் கந்தோரில் பட்டப்பகலில் ஒருவரும் இல்லை என்றால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். கம்பனிக்காரன் பெண்சாதியாக இருந்தவள், அவளுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சுரங்கத்துக்குள் தண்ணீர் உடைத்துப் பாய்ந்திருக்க, கிளாக்கர் முதல் காவற்காரன் வரை எல்லோரும் குழிவாயிலுக்கு ஓடிவிட்டார்கள். டெலிபோன் அந்தப் பக்கத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. மர்ஸூக்குக்கு அதைக் கீழே வைக்கக் கை வரவில்லை.

கனகேஸ்வரி அண்ணாந்து பார்த்தாள். அவள் ஆசைப்பட்டபடியே, அழகான எழுத்தில், அவர் பெயர். ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை. அவர் ஒரு பிழையும் செய்யவில்லை.

"தம்பி" என்றாள். "அவரின்ரை பேரை அழியுங்கோ. அந்த இடத்திலை என்ரை பேரை எழுதுங்கோ."